மிதுலாவின் ஈரல்

ஜூன் 22, வியாழன்

சேலம் ஆஸ்பத்திரியில் இன்று மூன்றாவது நாள். உணவு ஆலோசகர் அம்மா இந்த நோட்டைக் கொடுத்து, "என்ன சாப்பிட்டா, எத்தனை கிராம், எப்படி இருந்தா, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுங்க. ஞாபகத்துல இருந்து சொல்ற வேலையே வேண்டாம்" என்றார். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் எடைமேடையில் உட்கார்ந்து, குச்சிக்கிழங்கு ஏற்றி வரும் லாரிகளுக்கு எடை எழுதுகிறவன் நான். தேதி போட்டு எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை.

என் மகள் மிதுலாவுக்கு ஆறரை வயது. ஒன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை பள்ளியில் பக்கத்துப் பிள்ளை வேண்டாம் என்று வைத்த சத்துணவு முட்டையை வாங்கித் தின்றிருக்கிறாள். ஒன்று முழுதாக, இன்னொருத்தியிடமிருந்து பாதி. அன்று சாயங்காலமே காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து நடந்தவள் தள்ளாடினாள். காதோரம் முகர்ந்து பார்த்தேன். வெல்லப்பாகு வாசனை. உடனே ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.

பின்னால் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பருப்பு, பால், முட்டை, கறி, ஏன் அரிசியிலும்கூட இருக்கிற புரதத்தில் மூன்று சத்துகளை இவள் உடம்பால் எரிக்க முடியாது. பிறவியிலேயே அப்படி. எரியாமல் தேங்கினால் மூளையைத் தாக்கும். தேங்குகிறபோது மூத்திரத்திலும் வேர்வையிலும் பாகு வாசனை வரும். அதனால் ஒரு நாளைக்கு அரிசி ஐம்பது கிராம்தான். மற்றபடி ஜவ்வரிசி, காய், பழம். சத்துக்கு மூன்று வேளை ஒரு பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும். அதன் நாற்றம் எனக்கே குமட்டும்.

அந்த மூன்று சத்துகளில் ஒன்றான லூசின் இன்று ரத்தத்தில் 1140. முந்நூறுக்குள் இருக்க வேண்டியது. டிரிப்ஸ் ஓடுகிறது. மத்தியானம் கண் விழித்தாள். என் மனைவி கோகிலா கேட்டாள்:

"முட்டை எப்படி இருந்துச்சு?"

"சாக்பீஸ் மாதிரி."

"பின்ன எதுக்குடி தின்ன?"

"எல்லாரும் தின்னாங்க."

ஜூன் 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜவ்வரிசி உப்புமா 80 கிராம். பவுடர் மூன்று வேளை. மூன்றாவது வேளையில் பாதியைத் துப்பிவிட்டாள்.

ஜூலை 3, திங்கள்

சென்னை. சேலத்து டாக்டர் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். இங்கே இந்த மாதிரிக் குழந்தைகளைப் பார்ப்பவர் டாக்டர் ரெஹானா. ஐம்பது வயது இருக்கும். முதலில் எங்களிடம் பேசவில்லை. மிதுலாவை ஒரு காலில் நிற்கச் சொன்னார், பந்தைப் பிடிக்கச் சொன்னார், பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். ஏழு வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"இந்த ஒரு வருஷத்துல எத்தனை தடவை அட்மிஷன்?"

"நாலு தடவைங்க."

"ஒவ்வொரு தடவையும் மூளை கொஞ்சம் அடி வாங்குது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுல எவ்வளவு கவனமா இருந்தாலும் ஒரு சாதாரணக் காய்ச்சல் போதும், எல்லாம் தலைகீழாயிடும். லிவர் மாத்திட்டா அந்தப் பயம் இல்ல. புது லிவர் அந்த வேலைய ஏத்துக்கும். குடும்பத்துல ஒருத்தர் ஒரு பகுதி கொடுத்தாப் போதும். கொடுத்தவங்களுக்குத் திரும்ப வளர்ந்துடும்."

"பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்து வருதுங்களே, அது சரியாயிடுங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

"இதுவரைக்கும் போனது திரும்பி வராதும்மா. முக்கியமா முதல் ஒன்பது நாள். என்னன்னு கண்டுபிடிக்காம தாய்ப்பால் குடுத்த அந்த ஒன்பது நாள்ல போனது."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா பிறந்த அன்னைக்கே பவுடர் ஆரம்பிச்சிருக்கலாம்."

அந்த அறையில் ஏசி இருந்தும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

பாவாயி அக்கா வந்தாள். என் உடன்பிறந்த அக்காதான் எனக்கு மாமியாரும். அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். கோகிலாவைவிட நான் ஒன்பது வயது மூத்தவன்.

வந்ததும் வராததுமாக, "என்னுத எடுத்துக்கச் சொல்லுடா தம்பி. எனக்கென்ன, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்" என்றாள்.

"உனக்குச் சர்க்கரை இருக்குதக்கா. எடுக்க மாட்டாங்க."

அவள் அழுதாள். "சொந்தத்துல குடுத்தது என் தப்பு. ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம்னு ஆசப்பட்டனே. எந்தப் பாவி வாய்ல விழுந்தமோ."

கோகிலா எலுமிச்சம்பழச் சாறு கரைத்துக்கொண்டிருந்தாள். "நீ குடுத்த, நான் கட்டிக்கிட்டேன். இப்ப அதப் பேசி என்னம்மா ஆவப்போவுது? அத விடு. ஆபரேஷனப்ப வீட்டுச் சாவிய மில்லுக்காரங்ககிட்ட குடுத்துட்டுப் போவ வேண்டாம், நீ இங்கயே வந்து இரு. அது போதும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூத்த பையனும் இதுலதான் போயிருப்பானோ?" என்றாள்.

மேல் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தப் போய்விட்டேன்.

ஜூலை 20, வியாழன்

மறுபடி சென்னை. எனக்கும் கோகிலாவுக்கும் ரத்தம், ஸ்கேன், இதயம், நுரையீரல் என்று எல்லாப் பரிசோதனையும். எங்களுக்கு வழிகாட்ட ஹேமலதா என்று ஒரு பெண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆபரேஷன் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதமும் அந்தப் பெண் கை வழியாகத்தான் போகும். கணினியில் கேட்டுக் கேட்டுப் பதிந்தார்.

"இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாவது?"

"ஒரு பையன். பதினொரு நாள் இருந்தான்" என்றாள் கோகிலா.

"என்ன காரணம்னு சொன்னாங்க?"

கோகிலா என்னைப் பார்த்தாள். அப்போது டாக்டர்களிடம் பேசியது நான்தான்.

"அவங்களுக்கே தெரியலைன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

"டெஸ்ட் எதுவும் எடுக்கலையா?"

"இல்லீங்க."

காரணம் தெரியவில்லை என்று பதிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மிதுலா: ஆப்பிள் அரை, ஜவ்வரிசிக் கஞ்சி 150, பவுடர் ஒழுங்காகக் குடித்தாள்.

ஜூலை 21, வெள்ளி

மில். கிழங்கு வரத்து இல்லாத மாதம். லோடு இரண்டு. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கோகிலாவின் ரத்த வகை பொருந்தாது. என்னுடையது பொருந்துகிறது. அந்தக் குறை எங்கள் இருவர் உடம்பிலும் பாதி இருக்கிறதாம். இரண்டு பாதியும் சேர்ந்துதான் மிதுலாவுக்கு முழுதாக வந்துவிட்டது.

"பாதி வேலை செய்யற ஈரல் அவளுக்குப் போதுங்களா?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு வருஷமா உங்களுக்கு ஏதாவது ஆச்சா?" என்றார் டாக்டர் ரெஹானா.

வீட்டில் மிதுலாவிடம் சொன்னோம்.

"அப்பாவுக்கு வயித்துல அறுப்பாங்களா?"

"அறுத்துட்டுத் தச்சுடுவாங்க."

"என்ன கலர் நூல்ல?"

தெரியாது என்று சொன்னேன். பச்சை வேண்டுமாம்.

ஆகஸ்ட் 9, புதன்

ஆபரேஷன் 31-ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. அதன்பிறகு டாக்டர் ரெஹானா இன்னொரு விஷயத்தை எடுத்தார். மிதுலா உடம்பிலிருந்து எடுக்கிற ஈரலை என்ன செய்வார்கள் என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

"அத வேற ஒருத்தருக்கு வைக்கலாம். நீங்க சம்மதிச்சா."

"நோய் புடிச்ச ஈரலையா?" என்றாள் கோகிலா.

"அது நோய் பிடிச்ச ஈரல் இல்லம்மா. நூறு வேலைல ஒரு வேலை மட்டும் அதுக்குத் தெரியாது. அந்த ஒரு வேலையைச் செய்ய மத்தவங்க உடம்புல தசை இருக்கு, சிறுநீரகம் இருக்கு. உங்க பொண்ணுக்கு எந்த இடத்துலயும் இல்ல. அதனாலதான் இவளுக்குப் பத்தல. இன்னொருத்தருக்கு அது தாராளமாப் போதும்."

ஒரு பெண்மணி. எடை நாற்பது கிலோதான். ஈரல் சுருங்கிப்போய் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாராம். வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை. பெயரைச் சொல்லவில்லை.

"எனக்குச் சம்மதம் இல்லீங்க" என்றேன்.

"இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல. யோசிச்சு..."

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. என் புள்ளையோடத எடுத்து இன்னொருத்தருக்கு வெக்கறதுல எனக்கு இஷ்டமில்ல."

கோகிலா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சம்மதிக்காவிட்டாலும் மிதுலாவின் ஆபரேஷன் நடக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். வெளியே வந்து மூவரும் இளநீர் குடித்தோம். மிதுலா 200 மில்லி.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் தோசைக்கல்லைப் பார்த்தபடியே கோகிலா கேட்டாள்.

"நாம வேண்டாம்னா அந்த ஈரல என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"தெரியாது."

"நான் ஹேமாகிட்ட கேட்டேன். கொஞ்சம் ஆராய்ச்சிக்கு வெச்சுக்கிட்டு மீதிய எரிச்சுடுவாங்களாம். எரிக்கறத ஒரு பொம்பளைக்குக் குடுத்தா என்ன மாமா கெட்டுப்போவுது?"

"பாவம்."

"யாருக்கு?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்க வயித்த அறுக்கறதுக்கு ஒரு நிமிசம் யோசிக்கல நீங்க. இதுக்கு இந்த முறுக்கு முறுக்கறீங்க. என்னன்னு எனக்கு வெளங்கவே இல்ல."

தோசை மூன்று சாப்பிட்டேன். மிதுலாவுக்கு ஜவ்வரிசி தோசை ஒன்று, 60 கிராம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மில். இன்று ஒரு லாரியும் வரவில்லை. எடைமேடை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2014 பிப்ரவரி. மூத்தவன் நல்ல எடையோடு பிறந்தான், மூன்று கிலோ நூறு. நான்காம் நாளிலிருந்து பால் குடிக்கவில்லை. ஏழாம் நாள் வலிப்பு. ஆத்தூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கோகிலாவுக்குத் தையல் பிரிந்து சீழ் வைத்திருந்ததால் அவளையும் அங்கேயே மேல் மாடியில் பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். பதினொன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டான்.

ஒரு டாக்டர் பெண் என்னிடம் வந்தார். சின்ன வயது. கையில் ஒரு காகிதம். "ஈரல்ல இருந்து ஊசில கொஞ்சம் சதை, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். சீக்கிரம் எடுக்கணும். என்ன நோய்னு தெரிஞ்சா அடுத்த குழந்தைக்கு உதவும். இது அடுத்த குழந்தைக்கும் வரக்கூடிய நோயா இருக்கலாம்னு எனக்குச் சந்தேகம்" என்றார். என் புள்ளையை அறுக்க விடமாட்டேன் என்று கத்தினேன். அவர் போய்விட்டு மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். விருப்பமில்லை என்று எழுதியிருந்த இடத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை.

மேலே போய்க் கோகிலாவிடம், "என்னன்னு அவங்களுக்கே தெரியலையாம்" என்றேன்.

மூன்று வருடம் கழித்து மிதுலா பிறந்தாள். ஒன்பது நாள் தாய்ப்பால் குடித்தாள். ஆத்தூரில் ஒரு குழந்தை டாக்டர் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, உடனே ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மிதுலா பாவாயி அக்காவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். மொட்டை மாடியில் கோகிலா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பையன் போனான்ல, அன்னைக்கு ஒரு டாக்டரம்மா கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கட்டுமான்னு கேட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அறுக்க மனசு வரல. உங்கிட்டச் சொல்லல."

அவள் கையில் இருந்த பாவாடையை மடித்து முடித்தாள்.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"மேல் மாடி வார்டுல."

"தூங்கிட்டு இருந்தனா?"

"இல்ல."

மீதித் துணியையும் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். படியில் இறங்கும்போது, "நாளைக்கு ஹேமாவுக்குப் போன் பண்ணி, கையெழுத்துப் போடறம்னு சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 16, புதன்

கையெழுத்துப் போட்டோம். முதலில் கோகிலா, பிறகு நான். முதல் குழந்தையைப் பற்றிச் சொன்னது தவறு என்று டாக்டர் ரெஹானாவிடம் சொல்லித் திருத்தினேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "நிறைய அப்பாக்கள் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

அடுத்து உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள், கேமரா ஓடியது. யாராவது வற்புறுத்தினார்களா, யாராவது ஏதாவது தருவதாகச் சொன்னார்களா? இல்லை, இல்லை.

ஆகஸ்ட் 30, புதன்

காலையில் இருவரையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கும் மிதுலாவுக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. அவள் என் வயிற்றில் பேனாவால் கோடு போட்டு, இங்கேதான் அறுக்க வேண்டும் என்று நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் அதைத் துடைக்க ஸ்பிரிட் கொண்டுவர வேண்டியதாயிற்று. மிதுலா எடை 16.4 கிலோ. லூசின் 260.

ஆகஸ்ட் 31, வியாழன்

அவர் தியேட்டருக்குள் இருப்பதால் நான் எழுதுகிறேன். கோகிலவாணி.

காலை 6.50 அவரை உள்ளே கொண்டுபோனார்கள். 9.15 மிதுலாவை. வாசல் வரைக்கும் நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அழவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் அவர் பெயரைக் கேட்டாள்.

பகல் 12.40 ஹேமா வந்து அவருடைய ஈரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார் என்றாள். 1.30 மிதுலாவின் ஈரலை எடுத்து அடுத்த தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். அங்கே அந்தப் பெண்மணி தயாராக இருந்தாராம். காத்திருக்கும் இடத்தில் எனக்கு எதிரே ஒருவர் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ஹேமா அவரிடமும் போய் ஏதோ சொன்னாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை.

3.50 மிதுலாவுக்கு வைத்தாகிவிட்டது, ரத்தம் ஓடுகிறது, பித்தநீர் சுரக்கிறது. 5.20 டாக்டர் ரெஹானாவே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

பொழுது போகாமல் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பதினொன்றாம் தேதி எழுதியதையும் படித்தேன். அடுத்த குழந்தைக்கு உதவும் என்று அந்த டாக்டர் சொன்னதை மொட்டை மாடியில் நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 5, செவ்வாய்

நோட்டு இன்றுதான் கைக்கு வந்தது. இருமினால் தையல் இழுக்கிறது. வராந்தாவில் இருபது அடி நடந்தேன்.

கோகிலா எழுதியதைப் படித்தேன். அவள் எழுதியது சரி. நான் சொல்லாமல் விட்டது மறதியால் இல்லை.

மிதுலா கண்ணாடி அறையில் இருக்கிறாள். வெளியே நின்று பார்க்கலாம். குழாய்கள் நான்கு. கோகிலா என் வார்டுக்கும் அங்கேயும் நடந்துகொண்டே இருக்கிறாள். ரசம் சாதம் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடுங்க" என்கிறாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

செப்டம்பர் 11, திங்கள்

மூன்று நாளாக மிதுலாவின் ரத்தப் பரிசோதனை சரியில்லை. புது ஈரலை உடம்பு எதிர்க்கிறதாம். கண்ணில் மஞ்சள். பெரிய ஊசி மருந்து மூன்று நாளைக்குப் போடுகிறார்கள். அதன் வேகத்தில் யாரைப் பார்த்தாலும் கத்துகிறாள், நர்ஸைக் கடித்துவிட்டாள்.

"எடுத்துட்ட ஈரலையும் திரும்ப வெக்க முடியாதுங்களே?" என்று கேட்டேன். டாக்டர் ரெஹானா, "அந்தக் கேள்விக்கு இன்னும் அவசியம் வரல" என்றார். வரவே வராது என்று சொல்லவில்லை.

கோகிலாவும் நானும் கண்ணாடிக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மருந்துப் பை.

செப்டம்பர் 14, வியாழன்

ஈரல் பரிசோதனையின் எண் இறங்குகிறது. 410-லிருந்து 180.

செப்டம்பர் 26, செவ்வாய்

லூசின் 190. சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமலே. மூன்று முறை வாசித்தேன்.

உணவு ஆலோசகர் வந்து, இனி எதையும் எடை போட வேண்டாம், எல்லாம் கொடுக்கலாம் என்றார். கோகிலா பருப்பு சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். மிதுலா வாயில் வைத்து, இரண்டு மெல்லு மென்று, கையிலேயே துப்பினாள்.

"மண்ணு மாதிரி இருக்கு. உப்புமா குடு."

"இத்தனை வருசம் கேட்டு அழுதியே பாப்பா."

"அப்ப கேட்டேன்."

ஆலோசகர் சிரித்தார். இந்தக் குழந்தைகள் எல்லாமே இப்படித்தானாம், நாக்கு பழக மாசக் கணக்காகுமாம். கோகிலா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். பிறகு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தாள். ஐந்து கவளம் போயிற்று. எடை போடவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். வாரம் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை. இன்று வரிசையில் காத்திருந்தபோது எதிரே முகக்கவசம் போட்ட ஒல்லியான பெண்மணி ஒருவர் மிதுலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணிப்பையோடு அவர் வீட்டுக்காரர். கோகிலா அந்த மனிதரை அடையாளம் கண்டுகொண்டாள்.

அந்தப் பெண்மணி எழுந்து வந்து, நான்கு அடி தள்ளியே நின்றார். தொற்று வரக் கூடாது என்று அவரிடமும் சொல்லியிருப்பார்கள்.

"ஆகஸ்ட் முப்பத்தொண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் கோகிலா.

"நானும் அன்னைக்குத்தான். பேரு பிலோமினா. அரக்கோணம். ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறேன். தச்சிட்டிருந்தேன், ரெண்டு வருசமா மெஷின்ல உக்கார முடியல." முகக்கவசம் நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் பையிலிருந்து வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

மிதுலா விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "என்னுது உங்க வயித்துல என்ன பண்ணுது?"

"வேலை செய்யுதும்மா. நல்லா வேலை செய்யுது."

"என்கிட்ட சரியாவே செய்யல."

பிலோமினா சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க முடிந்தது. எனக்கும் இன்னும் அப்படித்தான். மிதுலாவின் பிறந்தநாளைக் கேட்டார். ஜனவரி பதினாறு என்று கோகிலா சொன்னதும் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பும்போது கோகிலா, "அந்தம்மாவுக்கு ரெண்டு பையனாம். பெரியவன் பன்னெண்டாவது" என்றாள். இரண்டு மாதத்தில் அவளாக என்னிடம் சொன்ன முதல் செய்தி இது.

நவம்பர் 17, வெள்ளி

இன்று கடைசிப் பரிசோதனை முடிந்தது, ஊருக்குப் போகலாம். மருந்து மட்டும் காலையும் மாலையும் எட்டு மணிக்கு, ஆயுசுக்கும். மாதம் ஒரு முறை வர வேண்டும்.

கிளம்புகிற நேரத்தில் டாக்டர் ரெஹானா தன் அறைக்குக் கூப்பிட்டார். பிறந்து ஐந்து நாளான ஒரு குழந்தை மூன்றாம் மாடியில் இருக்கிறது. பிழைக்காது. இன்றோ நாளையோ. காரணம் தெரியவில்லை. அவன் போனதும் சதை எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார்கள், அப்பா மறுத்துவிட்டார்.

"அவரை வற்புறுத்த மாட்டேன். இதே நிலைமைல இருந்த ஒருத்தர்கிட்ட பேசறீங்களான்னு கேட்டேன். சரின்னார். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்."

கோகிலாவைப் பார்த்தேன். அவள் மிதுலாவின் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போனேன். அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். அந்த மனிதர் பெயர் தீனதயாளன். போளூர்ப் பக்கம், லாரி ஓட்டுகிறார். முப்பது வயது இருக்கும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"புள்ளைய அறுக்க ஒத்துக்க மாட்டேன் சார். அது பட்டதே போதும்" என்றார், நான் உட்காருவதற்கு முன்பே.

"நானும் அதத்தானுங்க சொன்னேன்."

சொன்னேன். பத்து மணிக்குப் பையன் போனது, டாக்டர் காகிதத்தோடு வந்தது, நான் கத்தியது. அடுத்த குழந்தைக்கு உதவும் என்று அவர் சொன்னதையும், இரண்டு முறை சொன்னதையும். "அடுத்தது இவதானுங்க" என்று மிதுலாவைக் காட்டினேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொறந்த அன்னைக்கே வைத்தியம் ஆரம்பிச்சிருப்பாங்க. ஒம்பது நாள் போயிடுச்சு. பேச்சு இழுக்குதுங்களே, அது அந்த ஒம்பது நாளுங்க."

அவர் மிதுலாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க வூட்ல அவங்க இன்னா சொன்னாங்க அப்போ?"

கோகிலா பின்னாலிருந்து பேசினாள்.

"எங்கிட்ட யாரும் கேக்கலீங்க. நான் மேல் மாடியிலதான் முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். கேட்டிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பனோ என்னமோ. இருவது வயசு எனக்கு. ஆனா கேக்கல." அவருக்கு எதிரே வந்து நின்றாள். "உங்க சம்சாரம் எங்க இருக்காங்க?"

"திருவண்ணாமலைல. ஆப்ரேசன் பண்ணி எடுத்தாங்க, அங்கயே கீது."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

தீனதயாளன் இல்லையென்று தலையசைத்தார்.

"போன் இருக்குல்ல?" என்றாள் கோகிலா.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். போனைக் காதில் வைத்தார். பேசினார். எங்களுக்குக் கேட்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. மிதுலா பசிக்கிறது என்றாள். கோகிலா பையிலிருந்து வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

அவர் திரும்பி வந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "வலிக்குமான்னு கேக்கறா" என்றார்.

டாக்டர் ரெஹானா அவர் பக்கத்தில் போய் நின்றார். "அவன் போனதுக்கப்புறம்தாங்க எடுப்போம். வலிக்காது. ஊசி போற இடம் மட்டும்தான். நானே எடுக்கறேன். அதுவரைக்கும் அவன் பக்கத்துல நீங்க இருக்கலாம்."

தீனதயாளன் அதை அப்படியே போனில் சொன்னார். கேட்டுக்கொண்டார். பிறகு டாக்டரிடம், "எடுக்கச் சொல்றா" என்றார்.

மூன்று மணிக்குப் பஸ். மிதுலா செங்கல்பட்டு தாண்டுவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள். தையல் போட்ட இடத்தில் அவள் தலை படாமல் கோகிலா அவளை நகர்த்திப் படுக்கவைத்தாள். திண்டிவனத்தில் பஸ் நின்று கிளம்பியது.

"அன்னைக்குக் காலைல அவன் கண்ணத் தெறந்தானா?" என்று கேட்டாள்.

யாரைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியாக அவனைப் பார்த்தவன் நான் மட்டும்தான். ஒன்பது வருடத்தில் அவள் ஒரு முறையும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

"தெறந்தான். ஏழு மணிக்கு ஒரு தடவ" என்றேன்.

"உங்களப் பாத்தானா?"

"என் பக்கம்தான் திரும்பியிருந்தான். நான் வெரல நீட்டுனேன், புடிச்சான்."

"கெட்டியாவா?"

"லேசாத்தான்."

அவனை என்ன துணியில் சுற்றியிருந்தார்கள், எந்தப் பக்கம் தலை வைத்திருந்தான், நர்ஸ் என்ன பேசினாள், பத்து மணிக்கு என் கையில் எப்படிக் கொடுத்தார்கள், அப்போது எவ்வளவு சூடு இருந்தது, எல்லாம் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.